விசுவாசத்தில் தளராமல் நிலைத்திருக்க: குமரி மாவட்டத்துக் குடும்பங்களுக்குச் சில நடைமுறை வழிகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்த கிறிஸ்தவர்களில் பெரும்பாலோருக்கு விசுவாசம் வீட்டிலிருந்தே கிடைத்தது. ஞானஸ்நானம், ஓய்வுநாள் பள்ளி, திடப்படுத்தல் அல்லது உறுதிபூசுதல், திருமணம், கடைசியில் கல்லறைத் தோட்டம் என்று வாழ்வின் எல்லாக் கட்டங்களிலும் ஆலயம் உடன் நிற்கிறது. இப்படிப் பிறந்த நாளிலிருந்து சூழ்ந்திருக்கும் ஒன்று கைநழுவிப் போகும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆயினும் நழுவுகிறது. சிலருக்குத் திடீரென்று நேர்ந்த ஒரு மரணத்தில் நழுவுகிறது. வேறு சிலருக்கு எந்தத் துன்பமும் வருவதில்லை. வேலை, வீடு கட்டுதல், கைபேசி என்று ஆண்டுகள் ஓடிய பின்பு, தனியாக உட்கார்ந்து ஜெபித்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்க்கும்போதுதான் நழுவியது தெரியவருகிறது.

விதைக்கிறவனைப் பற்றிய உவமையில் இயேசு இந்த இரண்டையும் தனித்தனியாகவே பிரித்துச் சொன்னார். கற்பாறை நிலத்தில் விழுந்த விதை உபத்திரவம் வந்தவுடன் பட்டுப்போகிறது. முள்ளுள்ள இடத்தில் விழுந்த விதையையோ 'உலகக்கவலையும் ஐசுவரியத்தின் மயக்கமும்' நெருக்கிப்போடுகின்றன. இரண்டு அழிவுக்கும் காரணம் வேறு என்பதால் இரண்டுக்கும் செய்ய வேண்டிய பராமரிப்பும் வேறுதான். நம்மில் பலர் துன்பத்துக்கு மட்டும் ஆயத்தமாகிறோம். உபவாச ஜெபங்களிலும் கன்வென்ஷன் மேடைகளிலும் பெரும்பாலும் அதைப் பற்றியே பேசுகிறோம். இன்றைய குமரி மாவட்டத்தில் அதிகம் பேரை அமைதியாக விழுங்குவது முட்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே இந்த வழிகாட்டியில் துன்பத்தைப் பற்றி முதலில் எழுதினாலும், முட்களுக்குக் கூடுதலான இடம் தந்திருக்கிறேன்.

துன்பம் வருமுன்

நட்டாலத்தில் 1712-ஆம் ஆண்டு பிறந்த நீலகண்டப் பிள்ளை, திருவிதாங்கூர் அரசில் பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவல் பார்த்தவர். குடும்பத்தில் அடுத்தடுத்து நேர்ந்த இழப்புகளால் அவர் மனம் ஒடிந்திருந்த காலத்தில், 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்குப் பயிற்சி கொடுத்த டச்சுப் படை அதிகாரியான தெலனாய், அவருக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துச் சொன்னார். 1745 மே 14 அன்று நீலகண்டப் பிள்ளை வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-இல் கைது செய்யப்பட்டார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவரை எருமையின்மேல் பின்புறம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோய் அவமானப்படுத்தினார்கள். அடித்த காயங்களில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2022 மே 15 அன்று கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

இந்த வரலாற்றில் நாம் பொதுவாகக் கவனிக்காமல் கடந்துபோகும் பகுதி ஒன்று உண்டு. ஞானஸ்நானத்துக்கும் கைதுக்கும் இடையில் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் இருந்தன. அந்த ஆண்டுகளில் அவர் வேலைக்குப் போனார், மனைவியோடு குடும்பம் நடத்தினார், ஜெபித்தார், தாம் பெற்றதைப் பிறருக்குச் சொன்னார். விழாக்களில் நாம் நினைவுகூர்வது காற்றாடிமலையை. அங்கே அசையாமல் நின்ற விசுவாசம் வேர்பிடித்ததோ அந்த நான்கு ஆண்டுகளில். கிறிஸ்துவிடம் வந்தால் கஷ்டமெல்லாம் தீர்ந்துவிடும் என்று அவருக்கு யாரும் வாக்குக் கொடுத்ததாகத் தெரியவில்லை. அவருக்குச் சொல்லப்பட்டது யோபுவின் கதை, அதாவது நீதிமானும் எல்லாவற்றையும் இழக்கக்கூடும் என்ற கதை. அதைக் கேட்டுவிட்டு விசுவாசத்துக்கு வந்தவர், துன்பம் வந்தபோது ஏமாற்றப்பட்டதாக உணரக் காரணமில்லை.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, எந்தத் துன்பமும் இல்லாத ஒரு காலத்தில் யோபுவின் புத்தகத்தை முழுவதும் வாசிப்பது. முதல் இரண்டு அதிகாரங்களையும் கடைசி ஐந்து அதிகாரங்களையும் முதலில் படித்துவிட்டு, நடுவிலுள்ள நீண்ட வாக்குவாதத்தை நாளுக்கு ஓர் அதிகாரமாகப் படித்தால் சோர்வு வராது. 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்' என்று சொன்ன அதே வாய், அடுத்த அதிகாரங்களில் தான் பிறந்த நாளையே சபிக்கிறது என்பதைக் கவனித்துப் படியுங்கள். முதல் வரியை மட்டும் துக்க வீட்டில் சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு, இரண்டாவதும் வேதத்தில்தான் இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது மனப்பாடம். பிரான்சிஸ் சவேரியார் 1544-இல் நம் கடற்கரை ஊர்களில் நடந்தபோது, விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் கட்டளைகளையும் தமிழில் சொல்லிக்கொடுத்து மக்களை மனப்பாடம் செய்ய வைத்தார். நோயாளிகளின் வீடுகளுக்குச் சிறுபிள்ளைகளை அனுப்பி அந்த ஜெபங்களைச் சொல்ல வைத்ததாக அவருடைய கடிதங்கள் கூறுகின்றன. அவர் எந்த ஊரிலும் நீண்ட நாள் தங்கவில்லை. அவர் போன பின்பும் குருவானவரை எப்போதாவது மட்டுமே காண முடிந்த அந்த ஊர்களில் ஜெபம் நிலைத்ததற்கு, அது மக்களின் நாவில் இருந்தது ஒரு முக்கியக் காரணம். மனப்பாட ஜெபத்தை உயிரில்லாத சடங்கு என்று இகழ்கிறவர்கள், அறுவைச் சிகிச்சை அறைக்கு வெளியே காத்திருந்த ஓர் இரவை நினைத்துப் பார்க்கட்டும். சொந்தச் சொற்கள் வராத அந்த நேரத்தில் நெஞ்சில் இருப்பதுதான் உதவிக்கு வரும். சங்கீதங்களில் 13, 23, 46, 121 ஆகிய நான்கையும் வீட்டிலுள்ள எல்லோரும் இந்த ஆண்டுக்குள் மனப்பாடம் செய்துவிடலாம், நான்கும் சிறியவை.

நேரமும் இடமும்

விசுவாசத்தை நாள்தோறும் காப்பதில், மனத்தின் உருக்கத்தைவிடக் குறித்த நேரமும் குறித்த இடமும் அதிகம் உதவுகின்றன. தானியேலின் காலத்தில் ஜெபத்தைத் தடைசெய்து கட்டளை பிறந்தபோது, அவர் புதிதாக எதையும் தொடங்கவில்லை. 'தான் முன் செய்துவந்தபடியே' தினம் மூன்று வேளையும் முழங்காற்படியிட்டார் என்று எழுதியிருக்கிறது. பழகிய வழக்கம்தான் ஆபத்து நாளில் அவரைத் தாங்கியது.

ஆனால் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரம் பொருந்தாது. அதிகாலை ஐந்து மணி ஜெபம் என்பதை விசுவாசத்தின் அளவுகோலாக வைப்பது, குலசேகரம், அருமனைப் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவருக்கு நியாயமாக இராது; அந்த நேரத்தில் அவர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் போய்க்கொண்டிருப்பார். அத்தகைய வீட்டுக்கு மாலை ஏழு மணிதான் சரியான வேளை. பால் எடுத்து, ஷீட் அடித்து, குளித்து, பிள்ளைகள் பள்ளிப் பாடத்தைத் தொடங்குமுன் பாயை விரிக்கலாம். கைபேசிகள் எல்லாம் அடுக்களை அலமாரியில் போகட்டும். தொலைக்காட்சியை ஒலி குறைத்து வைக்காமல் அணைத்தே விடுங்கள். வீட்டின் இளையவர் பாட்டைத் தேர்ந்தெடுக்கட்டும். நற்செய்தி நூல்களில் ஒன்றிலிருந்து பத்து வசனங்களை, ஒவ்வொரு நாளும் வேறொருவர், எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை உட்பட, வாசிக்கட்டும். வாசித்ததில் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். பிறகு தகப்பனோ தாயோ, அன்று நடந்ததைப் பெயர் சொல்லி, நான்கைந்து வாக்கியத்தில் ஜெபிக்கலாம்: கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய கடன், பெரியம்மாவின் முட்டுவலி, மகனின் கணக்குத் தேர்வு. கர்த்தருடைய ஜெபத்தோடு முடியுங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். நீண்ட குடும்ப ஜெபம் மூன்று வாரத்தில் நின்றுபோவதையும், குறுகிய ஜெபம் முப்பது வருடம் நிலைப்பதையும் நம் ஊர் வீடுகளில் பார்க்கலாம்.

கத்தோலிக்கக் குடும்பங்களில் செபமாலை இந்த இடத்தை நிரப்புகிறது. அதற்கும் இதே விதிகள் பொருந்தும், குறிப்பாகக் கைபேசியைப் பற்றியது.

தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறைப் பகுதிகளில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் வீட்டைக் காண்பதில்லை. கரையை விட்டு விலகியபின் அலைபேசியும் எடுக்காது. அத்தகைய குடும்பங்களுக்கு ஓர் எளிய ஏற்பாட்டைப் பரிந்துரைக்கிறேன். தேதியின் எண்ணையே சங்கீதத்தின் எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் தேதி என்றால் படகில் இருப்பவரும் பன்னிரண்டாம் சங்கீதத்தை வாசிப்பார், வீட்டில் இருப்பவர்களும் அதையே வாசிப்பார்கள். முன்கூட்டிப் பேசிக்கொள்ளத் தேவையில்லை. வளைகுடாவில் வேலைசெய்யும் கணவருக்கும், வெளிநாட்டு மருத்துவமனையில் இரவு வேலை பார்க்கும் செவிலியர் மகளுக்கும் இந்த ஏற்பாடு அப்படியே பொருந்தும்.

மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வருமானம் நின்று, ஆண்கள் வீட்டில் இருக்கும் இந்த இரண்டு மாதங்களில்தான் பல வீடுகளில் கடன் பேச்சும் குடியும் சண்டையும் தலைதூக்குகின்றன. வருடம் முழுவதும் தாய் ஒருத்தியாகவே நடத்திவந்த வீட்டு ஜெபத்தைத் தகப்பன் பொறுப்பெடுத்து நடத்துவதற்கு ஏற்ற காலமும் இதுதான்.

அடி விழுந்த முதல் நாட்களில்

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். குளச்சல், கொட்டில்பாடு, மேலமணக்குடி ஊர்களில் அன்று காலையில் கடல் எடுத்துக்கொண்ட உயிர்களை இந்த மாவட்டம் மறக்கவில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது கடலில் இருந்தவர்களில் பலரின் உடல்கூடக் கரைக்கு வரவில்லை. அடக்கம் செய்ய உடல் இல்லாத துக்கம், மற்றத் துக்கங்களைவிட நீண்டது. அந்த வீடுகளில் போய், எல்லாம் நன்மைக்கே என்று சொன்னவர்களும் இருந்தார்கள்.

அப்படிச் சொல்லாதீர்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்ல நண்பர்களாக இருந்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் கெட்டது. கடைசியில், 'நீங்கள் என்னைக்குறித்து நிதானமானதைப் பேசவில்லை' என்று கர்த்தர் கடிந்துகொண்டது புலம்பிய யோபுவை அல்ல, கர்த்தருக்காக வாதாடிய இவர்களைத்தான். துக்க வீட்டுக்குப் போகிறவர் கஞ்சி கொண்டுபோகலாம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம், இறப்புச் சான்றிதழுக்கும் நிவாரண மனுவுக்கும் அலுவலகங்களுக்கு உடன் அலையலாம். நாற்பதாம் நாள் முடிந்து எல்லோரும் கலைந்த பின்பு, மூன்றாம் மாதத்தில் போகிறவரின் வருகைக்குத் தனி மதிப்பு உண்டு.

துக்கத்தில் இருப்பவருக்குச் சொல்ல விரும்புவது இது. அந்த நாட்களில் நீங்கள் பலமாக ஜெபிக்க வேண்டியதில்லை. ஜெபிக்க முடியவில்லை என்றால், உங்களுக்காக ஜெபிக்கும்படி ஒருவரிடம் வாய்திறந்து கேளுங்கள். அதுவே அன்றைய விசுவாசச் செயல். கோபம் இருந்தால் அதையும் கடவுளிடமே சொல்லுங்கள். 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?' என்று பதின்மூன்றாம் சங்கீதம் கேட்கிறது. எண்பத்தெட்டாம் சங்கீதம் ஆறுதல் எதுவுமின்றி முடிகிறது. அதையும் ஜெபப் புத்தகத்தில் சேர்த்துவைத்த முன்னோர், இப்படியும் ஒருவர் தேவனிடம் பேசலாம் என்று நமக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். கடவுளோடு வழக்காடுகிறவர் இன்னும் அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார்.

சரீரத்தையும் கவனியுங்கள். எலியா சூரைச்செடியின்கீழ்ப் படுத்து, 'போதும் கர்த்தாவே' என்று சாவை வேண்டிக்கொண்டபோது, தேவதூதன் அவரைத் தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டுத் தூங்க விட்டு, மறுபடியும் சாப்பிடச் சொன்னான். அதன் பிறகுதான் ஓரேபு மலையில் மெல்லிய சத்தம் கேட்டது. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, வாழப் பிடிக்கவில்லை என்ற நிலை வந்தால், ஜெப வீட்டுக்குப் போவதோடு மருத்துவரிடமும் போக வேண்டும். அதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நெய்யூரில் 1838-ஆம் ஆண்டிலேயே மருத்துவப் பணியைத் தொடங்கியது இதே திருச்சபையின் மிஷன்தான்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. அடிபட்ட மனிதரைத் தேடி, காணிக்கை அனுப்பினால் அற்புதம் நடக்கும், பெரிய பொருத்தனை செய்தால் கட்டு அவிழும் என்று வருகிறவர்கள் உண்டு. துயரத்தின் முதல் ஆறு மாதத்தில் பெரிய பொருத்தனையோ, நகையை விற்றுக் காணிக்கையோ, சபை மாறும் முடிவோ வேண்டாம் என்று வீட்டார் கூடித் தீர்மானித்துக்கொள்வது நல்லது. உண்மையான அழைப்பாக இருந்தால் ஏழாம் மாதத்திலும் அது இருக்கும்.

பதில் வராத காலம்

மரணத்தைப் போல ஒரே நாளில் விழாமல், ஆண்டுக்கணக்கில் இழுக்கிற துன்பங்களே விசுவாசத்தை அதிகம் அரிக்கின்றன. குடியை விடாத கணவர், பிள்ளைப்பேறு இல்லாத வீடு, வேலை கிடைக்காத மகன், வாரம் மும்முறை டயாலிசிஸ் செய்யும் மாமனார் என்று பட்டியல் நீளும். இங்கே ஜெபத்தைக் கூட்டாமல் சுருக்குவதே என் பரிந்துரை. ஒரே விண்ணப்பத்தை ஒரு மணி நேரம் திருப்பித் திருப்பிச் சொல்லி மனம் களைத்துப்போவதைவிட, அதை ஒரு வாக்கியமாக எழுதி வேதாகமத்தின் பின்னட்டையில் வைத்து, நாளுக்கு ஒருமுறை வாசித்துவிட்டு, மற்ற நேரத்தில் அடுத்தவருக்காக ஜெபியுங்கள். நோயுற்ற மகனின் தகப்பன் இயேசுவிடம் சொன்ன, 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்பது இத்தகைய காலத்துக்குப் போதுமான ஜெபம். அவருக்கு இருந்தது அரைகுறை விசுவாசம்தான், மகன் சுகமாக்கப்பட்டான்.

குடித்துவிட்டு அடிக்கும் கணவரைப் பொறுத்துக்கொள்வது சிலுவை சுமப்பது ஆகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஜெபியுங்கள், பெற்றோரிடமும் போதகரிடமும், தேவைப்பட்டால் காவல் நிலையத்திலும் சொல்லுங்கள். விடாமுயற்சி என்பது அநியாயத்துக்கு உடன்படுவதில்லை. மேலாடை அணியும் உரிமைக்காக நம் முன்னோர்களான பெண்கள் பல பத்தாண்டுகள் அடிபட்டும், ஆலயங்கள் தீக்கிரையாகியும் பின்வாங்காமல் நின்று, 1859 ஜூலையில் திருவிதாங்கூர் அரசாணையைப் பெற்ற வரலாறு இந்த மண்ணில்தான் நடந்தது. அவர்கள் ஜெபித்தார்கள், தோளிலும் சீலையைப் போட்டார்கள்.

முட்கள்

கைபேசியிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அது எல்லோர் கையிலும் இருக்கிறது. காலையில் கண் விழித்ததும் கை தானாக அதைத் தேடுகிறது. ஊர்க் குழுவில் யாரோ அனுப்பிய வசனப் படம், அதன் கீழே ஒரு விபத்துக் காணொளி, அதன் கீழே யாருடையதோ திருமணம். கால் மணி நேரத்தில் மனம் நூறு துண்டாகிவிடுகிறது. வசனப் படத்தை முன்னனுப்பியதால் வேதம் வாசித்த திருப்தியும் வந்துவிடுகிறது. இதற்கு நான் கண்ட பயனுள்ள வழி, கைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே மின்னேற்றம் செய்வதும், எழுப்புவதற்குப் பழைய அலாரம் கடிகாரம் ஒன்றை வாங்கி வைப்பதும், அச்சிட்ட வேதாகமத்திலேயே வாசிப்பதும் ஆகும். கைபேசியில் வேதாகமம் இருப்பது பயணத்துக்கு நல்லது. ஆனால் அதில் வாசிக்கும்போது அடுத்த செய்தி மேலிருந்து எட்டிப்பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு தலைமுறைக்கு முன்பு மாலை நாடகத் தொடர்கள் குடும்ப ஜெப நேரத்தை எட்டரை மணிக்கும் ஒன்பதுக்கும் தள்ளி, கடைசியில் இல்லாமல் ஆக்கின. அப்போது விழிக்காத வீடுகள் இப்போதாவது விழிக்க வேண்டும்.

அடுத்த முள் வீடு. வளைகுடாப் பணமும் வங்கிக் கடனும் சேர்ந்து எழுப்பும் பெரிய வீடுகள் நம் மாவட்டத்தின் எல்லா ஊர்களிலும் உண்டு. வீடு கட்டுவது பாவமென்று சொல்ல வரவில்லை. கடன் தவணை கட்டுவதற்காகக் கணவர் இன்னும் ஐந்து வருடம் வெளிநாட்டில் இருக்கவும், மனைவி ஞாயிறும் வேலைக்குப் போகவும், பிள்ளைகள் பாட்டியிடம் வளரவும் நேர்ந்தால், அந்த வீடு எதன் விலைக்கு எழும்புகிறது என்பதை அடித்தளம் போடுமுன் கணவனும் மனைவியும் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து பேச வேண்டும். மகளின் திருமணத்துக்கு இத்தனை பவுன் என்று பேசப்படும் கணக்கும் இதே வகையே. வரதட்சிணை கேட்டுவிட்டு அதே ஆலயத்தில் திருவிருந்தில் பங்குபெறுகிறோம் என்பது என்னை உண்மையாகவே வேதனைப்படுத்துகிறது. ஆண்பிள்ளைகளைப் பெற்றவர்கள், கேட்க மாட்டோம் என்று இப்போதே, பையன் பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே, அவன் காதில் விழும்படி சொல்லிவிடுங்கள். ஐசுவரியத்தின் மயக்கத்தை எதிர்க்க இதைவிடத் தெளிவான பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது முள் ஆலயத்துக்குள்ளேயே முளைக்கிறது. கமிட்டி, தேர்தல், கோபுர நிதி, திருவிழாக் கணக்கு, கேரல் பவனி, பாடகர் குழுப் பயிற்சி, ஆண்டு விழா என்று ஆலய வேலையாகவே வாரம் ஓடிவிடுகிறது. ஆலயத்தில் இவ்வளவு உழைக்கிறோம் என்பதால் ஜெபம் குறைந்தது உறுத்துவதில்லை. 'மார்த்தாளே, மார்த்தாளே, நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்' என்று இயேசு சொன்னது அவருக்காகவே சமைத்துக்கொண்டிருந்தவரிடம். ஆலயப் பொறுப்பில் இருக்கிறவர்களுக்கு ஓர் அளவுகோல் சொல்கிறேன்: இந்த வாரம் ஆலயத்தைப் பற்றிப் பேசிய நேரமும், தனியாக ஜெபித்த நேரமும் எவ்வளவு என்று சனிக்கிழமை இரவு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாவது மிகச் சிறிதாக இருந்தால், அடுத்த தேர்தலில் நிற்காமல் ஒரு பருவம் ஒதுங்கியிருந்து, கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து ஆராதிப்பது ஆத்துமாவுக்கு நல்லது.

வெளியூர் போகும் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். சென்னைக்கோ பெங்களூருக்கோ வளைகுடாவுக்கோ போனால், முதல் மாதத்துக்குள் ஒரு சபையைக் கண்டுபிடித்துப் பெயர் கொடுத்துவிட வேண்டும். மூன்றாம் மாதம் வரை தள்ளிப்போட்டவர் பெரும்பாலும் போவதில்லை. வெள்ளிக்கிழமையில் ஆராதனை நடக்கும் நாடுகளில் வெள்ளியே உங்கள் ஞாயிறு. பிள்ளை விசுவாசத்தைப் பற்றிக் கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைச் சேர்ந்து படியுங்கள். கேள்வி கேட்டதற்கு வீட்டில் திட்டு வாங்கிய பிள்ளை விடுதியில் போய் வேறு யாரிடமாவது பதில் கேட்டுக்கொள்ளும்.

சபையில் மனம் புண்பட்டால்

கட்சிச் சண்டை, சாதிப் பேச்சு, கல்லறை இடத்துக்கான வழக்கு, மேடையிலிருந்து விழுந்த ஒரு சொல் ஆகியவற்றால் ஆலயத்தை விட்டவர்கள் நம்மிடையே கணிசமானவர்கள். அவர்களுடைய காயம் உண்மையானது. ஆனாலும் தனியாக நின்று விசுவாசத்தைக் காப்பது மிகக் கடினம். 'சபை கூடிவருதலை' விட்டுவிடாதிருங்கள் என்று எபிரெயர் நிருபம் எழுதியது துன்பத்தில் இருந்த மக்களுக்கே. நடைமுறையில் செய்யக்கூடியது, பெரிய சபையில் மனம் ஒட்டாத காலத்திலும் சிறிய வட்டம் ஒன்றை விடாமல் பிடித்திருப்பது: அன்பியக் கூட்டம் (கத்தோலிக்கப் பங்கில் அண்டைக் குடும்பங்கள் கூடும் சிறு குழு), தெரு ஜெபக்குழு, பெண்கள் ஐக்கியம், அல்லது வாரம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடும் மூன்று குடும்பங்கள். மயிலாடியில் 1806-இல் மிஷனைத் தொடங்கிய ரிங்கல்தௌபே 1816-இல் புறப்பட்டுப் போனபோது சபைகளை வேதமாணிக்கத்தின் பொறுப்பில் விட்டுச்சென்றார். அடுத்த மிஷனரி சார்ல்ஸ் மீட் வந்து சேரும்வரை, அந்த உள்ளூர் மனிதரும் அவரோடு இருந்தவர்களும்தான் மக்களைக் கூட்டி ஜெபித்துக் காத்தார்கள்.

மன்னிப்பைப் பொறுத்தவரை, புண்படுத்தியவரோடு உடனே சிரித்துப் பேச வேண்டும் என்று உங்களையே நெருக்காதீர்கள். அவர் பெயரைச் சொல்லி ஜெபிக்க முடிகிறதா என்று மட்டும் தொடங்குங்கள். சில மாதம் பெயரைச் சொல்வதே போதும்.

விட்டுப்போனவர் திரும்பும்போது

பல ஆண்டுகள் விலகியிருந்து, திரும்ப மனம் வந்தவர் பெரும்பாலும் கிறிஸ்துமஸையோ புத்தாண்டு ஆராதனையையோ எதிர்பார்த்திருப்பார். கூட்டமும் புதுச் சேலைகளும் நிறைந்த அந்த நாளைவிட, ஒரு சாதாரண ஞாயிறு நல்லது. மழைக்கால ஞாயிறானால் இன்னும் நல்லது, ஆட்கள் குறைவு. ஐந்து நிமிடம் முன்னதாகப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். பாட்டுப் பாட வராவிட்டால் கேளுங்கள். அறிக்கை ஜெபத்தில் மட்டும் குரல் சேர்த்துக்கொள்ளுங்கள். விட்டுப்போன வருடங்களுக்கெல்லாம் கணக்குத் தீர்க்க வேண்டும் என்று முதல் வாரத்திலேயே உபவாசமும் முழு இரவு ஜெபமும் தொடங்காதீர்கள். இரவில் கர்த்தருடைய ஜெபமும் மாற்கு நற்செய்தியில் பத்து வசனமும் ஒரு மாதத்துக்குப் போதும்; மாற்கு நான்கிலும் சிறியது, பதினாறு அதிகாரம்தான்.

அவருக்குப் பக்கத்தில் உட்கார நேர்ந்தவருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. 'இத்தனை நாள் எங்கே போனீங்க?' என்று கேட்காதீர்கள். பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தை எடுத்துக் கொடுங்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று, அம்மா எப்படி இருக்கிறார், மழையில் வீட்டுப் பக்கம் தண்ணீர் ஏறியதா என்று விசாரியுங்கள். அடுத்த ஞாயிறு அவர் வராவிட்டால் தொலைபேசியில் அழைக்காமல், மாலையில் நேரில் போய் ஒரு கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு வாருங்கள். ஆலயத்துக்கு வரும்படி அன்றைக்கு அவரிடம் சொல்ல வேண்டியதில்லை.